கதவுக்காரர் எழுதிய ஹெடர்கள்

அந்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மானேஜர் கூட்டத்தில் கேட்டதும், எல்லோரும் அவரவர் கைப்பேசியில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

லிஃப்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் சி மொழியில் எழுதப்பட்டது. எழுத ஆரம்பித்தவர்களில் பாதிப் பேர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அந்தப் புரோகிராமின் ஹெடர் கோப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, அவற்றில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அது ஏன் அந்த எண் என்று பக்கத்திலேயே காரணம் எழுத வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் தருகிறவர்கள் புதிதாகப் போட்ட விதி. காரணம் இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் பழைய பெட்டி இல்லை. பெட்டி இல்லையென்றால் அதைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பிரிவுக்கு என்ன வேலை?

"நான் பண்றேன் சார்," என்றாள் அவள்.

மானேஜர் அவளைவிட வயதில் சின்னவர். முகத்தில் நிம்மதியும் சங்கடமும் ஒன்றாக வந்தன. "அக்கா, அதுல பாதி நம்ம சாரோடது."

"பாதிக்கு மேல. அதனாலதான் நான் பண்றேங்கறேன்."

நம்ம சார் என்று அவர் சொன்னது அவள் கணவனை. அதே ஆபீஸ், அதே தளம், அவளுடைய மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற நாற்காலி. ஆபீஸ் முழுக்க அவருக்குக் கதவுக்காரர் என்றுதான் பெயர். லிஃப்ட் கதவு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு பொறுக்க வேண்டும், நடுவில் ஒரு கை வந்தால் எப்படிப் பின்வாங்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதியவர் அவர். வேறொருவர் கை அதில் பட அவர் விட்டதில்லை. கடைக்குப் போனால்கூட, தானாகத் திறக்கும் கதவுக்கு முன் நின்று, "பாரு, எவ்வளவு தாமதம்! எழுதினவன் தூங்கிட்டே எழுதியிருக்கான்" என்று குறை சொல்லிக்கொண்டிருப்பார். அவள் இரண்டு கையிலும் பைகளோடு உள்ளே நின்று, "வர்றீங்களா, இல்ல அந்தக் கதவையே கட்டிக்கறீங்களா?" என்பாள்.

போன வருடம் ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சரிந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரே ஒரு சொல் தவிர. எதற்கும் "நாளைக்கு" என்பார். பசித்தாலும் நாளைக்கு, கோபம் வந்தாலும் நாளைக்கு, நாத்தனார் வந்து நின்றால் சிரித்துக்கொண்டே நாளைக்கு நாளைக்கு. டாக்டர் இதெல்லாம் சகஜம் என்றார். மூளையில் எங்கோ ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தப்பிய சொல்லாம்.

சொல் போனாலும் தலையாட்டல் இருந்தது. அதுதான் வீட்டில் எல்லாருக்கும் பிடி. "தண்ணி வேணுமா?" தலையாட்டுவார். "சன்னலைச் சாத்தட்டுமா?" தலையாட்டுவார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய தங்கைதான். தையல்காரி. புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். தையல் மிஷினையே இங்கே தூக்கிக்கொண்டு வந்து அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்தாள். "எங்கண்ணனுக்கு வாய்தான் போச்சு அண்ணி, புத்தி அப்படியே இருக்கு. நான் சொல்றது எல்லாத்துக்கும் பதில் சொல்றாரு" என்பாள்.

புது வேலையைப் பற்றிக் கேட்டதும் நாத்தனார், "அது என்ன அண்ணி ஹெடரு?" என்றாள்.

"நீ துணி வெட்டறதுக்கு முன்னாடி அளவு எழுதி வெச்சுக்குவ இல்ல? கை இவ்வளவு, தோள் இவ்வளவுன்னு. அந்த மாதிரி. வேலை நடக்கறது வேற ஃபைல்ல. என்னென்ன இருக்கு, எது எவ்வளவுங்கறது மட்டும் ஹெடர்ல இருக்கும். மத்த எல்லாரும் அதைப் பாத்துதான் நடந்துக்குவாங்க."

"சரி, ஆளுக்கு ஒரு சீட்டு. இதுல ஒழுங்குபடுத்த என்ன இருக்கு?"

"ஒருத்தரோட கை அளவை ஒரு சீட்டுல எழுதி, தோள் அளவை இன்னொருத்தர் சீட்டுல எழுதி, இடுப்புக்கு 'அந்தச் சீட்டைப் பாரு'ன்னு எழுதி, அந்தச் சீட்டுல 'முதல் சீட்டைப் பாரு'ன்னு எழுதியிருந்தா?"

"யாரு அப்படி எழுதுவா?"

"உங்கண்ணன்தான்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலில் இருந்தவரும் சிரித்தார்.

கோப்புகளைத் திறந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. ஒரு ஹெடர் இன்னொன்றை இழுத்தது, அது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. பொது என்று பெயர் வைத்த ஒரு கோப்பு குப்பைத்தொட்டி மாதிரி எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருந்தது. அதிலிருந்து ஒரு வரியை வெளியே எடுத்தால், சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு கோப்பு கம்பைல் ஆகாமல் கூப்பாடு போட்டது. விளக்கம் என்று இருந்தது கொஞ்சம்தான். ஓரிடத்தில் "தொடாதே". கொஞ்சம் கீழே "இதையும்தான்".

எத்தனை சண்டை போட்டிருப்பாள் இதற்காக! "பக்கத்துல ஒரு வரி எழுதி வெச்சா கை தேஞ்சா போயிடும்?" என்பாள். அவர் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் இங்க இருக்கு. நான் எங்க போயிடப் போறேன்?"

ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவள், கட்டிலின் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சும்மா கேட்டுப் பார்த்தாள். "என்னங்க, இந்த எண்ணு, கதவு பாதி மூடினதும் வேகத்தைக் குறைக்கறது. குளிர்ல ரப்பர் இறுகிப்போயிடும்னுதானே இவ்வளவு வெச்சீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தலையாட்டினார். "நாளைக்கு," என்றார், கண் நிறையச் சிரிப்போடு.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதினாள்: குளிரில் ரப்பர் இறுகும் என்பதால்.

அதற்குப் பிறகு தினமும் அது நடந்தது. பகலில் அவள் ஒரு காரணத்தை ஊகித்து வைத்துக்கொள்வாள். சாயங்காலம் அவரிடம் கேட்பாள், அவர் ஆமோதிப்பார், அவள் எழுதுவாள். நோய் வந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு என்றுதான் அவள் அதை நினைத்தாள். ஆபீஸுக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பக்கத்து மேசைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். அவர் பெயர் ஆபீஸில் செமிகோலன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், புரோகிராமில் விட்டுப்போன ஒரு செமிகோலனைத் தேடி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர். தலை நரைத்தும் பெயர் போகவில்லை.

"என்னக்கா, ஹெடர் எழுதறவங்க முகத்துல இவ்வளவு வெளிச்சம் நான் பாத்ததே இல்ல," என்றார்.

"கூட உதவிக்கு ஆள் இருக்கு," என்றாள்.

விளக்கங்கள் வளர்ந்தன. மானேஜர் படித்துப் பார்த்துவிட்டு அசந்துபோனார். இனி ஒழுங்குபடுத்துவது மட்டும்தான் பாக்கி. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எந்தெந்த ஹெடர் வேண்டும் என்று தாறுமாறாக எழுதியிருந்ததை அவள் அகரவரிசையில் அடுக்கினாள். பார்க்க அழகாக இருந்தது. கம்பைலரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. சோதனை லிஃப்டில் ஏற்றச் சொல்லி ஃபிட்டரிடம் கொடுத்தாள்.

ஃபிட்டர் நிதானமான மனிதர். கதவுக்கு நடுவில் தோளைக் கொடுத்து நின்று பார்ப்பது அவருக்குத் தினசரி வேலை. கதவு அவர் தோளைத் தொட்டதும் பின்வாங்க வேண்டும், சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி மூட வேண்டும். அன்றைக்கு அது பின்வாங்கிய வேகத்திலேயே திரும்பி வந்தது. அவர் விலகுவதற்குள் முழங்கை நசுங்கியது. அவர் அலறியது மேல் தளம் வரைக்கும் கேட்டது.

எலும்பு முறியவில்லை, சுளுக்கும் வீக்கமும்தான். "பரவால்லம்மா, இதுக்குத்தானே நான் நிக்கறேன்" என்று ஃபிட்டரே அவளைத் தேற்றினார். செமிகோலனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே தப்பு என்று அவள் தேடினாள்.

கடைசியில் கண்டுபிடித்தாள். கதவு பொறுக்கும் நேரத்துக்கு ஒரே பெயரில் இரண்டு ஹெடர்களில் இரண்டு எண்கள் இருந்தன. நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில், ஒன்றில் ஏழு, மற்றதில் பதினொன்று. 'இந்தப் பெயர் ஏற்கெனவே வந்திருந்தால் விட்டுவிடு' என்று இரண்டிலுமே எழுதியிருந்ததால் எது முதலில் வருகிறதோ அதுதான் செல்லுபடி. அவள் வரிசையை மாற்றியதில் பதினொன்று போய் ஏழு வந்துவிட்டது.

"அப்ப பதினொண்ணுதான் சரி. பழையபடி வெச்சுடுங்க," என்றார் செமிகோலன்.

"அவசரப்படாதீங்க. இங்க பாருங்க. கதவை நிறுத்தற ஃபைல்ல மட்டும் பழைய வரிசையிலயே ஏழுதான் முதல்ல வருது."

"அதாவது?"

"ஒரே கதவு. ஒரு பக்கம் ஏழுன்னு நினைச்சுட்டு இருக்கு, இன்னொரு பக்கம் பதினொண்ணுன்னு நினைச்சுட்டு இருக்கு. எல்லாக் கட்டடத்துலயும். இத்தனை வருஷமா."

செமிகோலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணும்னே அப்படி வெச்சிருப்பாரோ?"

"வேணும்னே வெச்சிருந்தா நாம ஒண்ணாக்கினா ஆபத்து. கவனிக்காம விட்டிருந்தா ஒண்ணாக்காம இருக்கறது ஆபத்து."

"சார்கிட்டயே கேட்டுடுங்க அக்கா."

கேட்கத்தான் போனாள். நாத்தனார் மிஷினை மூடிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை பொறுத்திருந்து, நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க, கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. இந்த ஏழும் பதினொண்ணும். நீங்க தெரிஞ்சே ரெண்டா வெச்சீங்களா?"

தலையாட்டினார். அவளுக்கு மூச்சு வந்தது. எழுதுவதற்குக் கையைக் கொண்டுபோனவள் என்ன தோன்றியதோ, நிறுத்தினாள். ஃபிட்டரின் முழங்கை நினைவில் வந்திருக்கலாம்.

"இல்ல, தெரியாம விட்டுட்டீங்களா?"

தலையாட்டினார். அதே சிரிப்பு.

"ஏழு சரியா?" ஆட்டினார். "பதினொண்ணு சரியா?" ஆட்டினார். "ரெண்டுமே தப்பா?" ஆட்டினார்.

அவள் லேப்டாப்பை மூடித் தரையில் வைத்தாள். அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"நான் யாருங்க? உங்க தங்கச்சியா?"

அவர் அன்போடு தலையாட்டினார்.

"நமக்கு நாலு பிள்ளைங்களா?" அவர்களுக்குக் குழந்தையே இல்லை. அவர் ஆட்டினார். "உங்களுக்கு வலிக்குதா?" ஆட்டினார். "வலிக்கவே இல்லையா?" ஆட்டினார். "நாளைக்கு" என்று சொல்லி, நன்றாக இருக்கிற கையால் அவள் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தார்.

அவரிடம் கேட்ட பழைய கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்து நின்றன. கைகால் பயிற்சிக்கு வந்தவரை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டதற்கு அவர் ஆமோதித்தார், அவள் நிறுத்திவிட்டாள். வலிக்கிறது என்று தலையாட்டியதற்காகக் கொடுத்த மாத்திரைகள். வலிக்கவில்லையே என்று கேட்டு, ஆமோதித்துவிட்டார் என்று கொடுக்காமல் விட்ட நாட்கள். ஒருநாள் மனசு உடைந்துபோய், "நான் பாத்துக்கறது உங்களுக்குப் போதுமாங்க?" என்று கேட்டிருந்தாள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் அவள் இந்த ஒன்றரை வருடத்தை ஓட்டியிருந்தாள்.

மறுநாள் அவள் கோப்புகளைத் திறந்து, தான் எழுதிய காரணங்களை அழிக்க ஆரம்பித்தாள். குளிரில் ரப்பர் இறுகும் என்பதால். அழித்தாள். பழைய மோட்டார்கள் தாமதமாக நிற்கும் என்பதால். அழித்தாள். அழித்த இடத்திலெல்லாம் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினாள். அழிப்பது எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. சில காரணங்கள் அவ்வளவு பொருத்தமாக இருந்தன. உண்மையாகக்கூட இருக்கலாம். அது எது என்று தெரிய வழி இல்லை.

மானேஜர் அதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"அக்கா, என்ன காரியம் பண்ணிட்டு இருக்கீங்க? அதெல்லாம் படிச்சா எவ்வளவு நல்லா இருந்தது!"

"நல்லா இருந்தது சார். ஆனா அது அவர் சொன்னது இல்ல, நான் சொன்னது."

"யாரு சொன்னா என்ன? ஆய்வுக்கு வர்றவங்களுக்கு அது தெரியவா போகுது? எல்லாருமே கொஞ்சம் ஊகிச்சுத்தான் எழுதுவாங்க."

"கதவைத் தோளால பிடிச்சுட்டு நிக்கறவருக்குத் தெரிஞ்சுடுது சார்."

நல்ல மனிதர்தான், கத்தவில்லை. "இது இந்தப் பிரிவையே மூடற விஷயம் அக்கா. பத்துப் பதினைஞ்சு குடும்பம்."

"தெரியும் சார்."

தெரிந்ததுதான் அவளுக்குக் கொடுமையாக இருந்தது. வீராப்பில் செய்தாள் என்று பிறகு ஆபீஸில் சிலர் பேசிக்கொண்டார்கள். வீராப்பெல்லாம் இல்லை. அந்தத் தலையாட்டல்களை அடுத்தவர் படிக்கும்படி விட்டுவைக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வந்த அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "இவ்வளவு ஒழுங்கா அடுக்கின ஹெடர்களை நான் பாத்ததில்ல. இவ்வளவு 'தெரியவில்லை'யையும் பாத்ததில்ல," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சான்றிதழ் வரவில்லை. பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து வாங்கிய புதுப் பெட்டிகளைப் பொருத்துவது என்று மேலே முடிவு செய்தார்கள். அவள் அடுக்கிய கோப்புகள் யாரும் திறக்காத ஒரு சர்வரில் போய்ச் சேர்ந்தன. அந்த ஏழும் பதினொன்றும் எதற்கு என்பது அப்படியே நின்றுவிட்டது. பிரிவைக் கலைத்தார்கள். செமிகோலன் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். ஃபிட்டருக்கு வேறு கம்பெனியில் இடம் கிடைத்ததாகச் சொன்னார்கள். அவளை வெகுதூரத்தில் இருந்த இன்னொரு ஊருக்கு மாற்றினார்கள். போனால் வேலை, போகாவிட்டால் இல்லை.

அதை வீட்டில் சொன்னபோது நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் கைநழுவியது.

"அப்ப எங்கண்ணன்?"

"கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். அங்க பகல்ல பாத்துக்க ஒரு ஆள் வெச்சுக்கணும்."

"தெரியாத ஆள்கிட்டயா? இவரு சொல்றது அவங்களுக்கு என்ன புரியும் அண்ணி? எனக்குப் புரியும். என் வீட்டுக்கு வந்துடட்டும்." பிறகு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தவள் போல எழுந்தாள். "நாம ரெண்டு பேரும் எதுக்கு அடிச்சுக்கணும்? அவரையே கேப்போம்."

"வேண்டாம்," என்றாள் அவள். ஆனால் நாத்தனார் அதற்குள் கட்டிலில் உட்கார்ந்து அண்ணனின் கையை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"அண்ணா, இங்க பாரு. அண்ணிக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. நீ என்கூட இருந்துக்கறியா? என் வீட்டுல?"

அவர் தலையாட்டினார். பெரிதாக, இரண்டு மூன்று முறை.

"பாத்தீங்களா அண்ணி!" நாத்தனாரின் முகம் நனைந்திருந்தது, வெற்றியும் அதிலேயே கலந்திருந்தது. "பாத்தீங்களா!"

இன்னொரு கேள்வி கேட்டால் போதும். என்கூட வர்றீங்களா என்று கேட்டால் அதற்கும் இதே தலையாட்டல், இதே சிரிப்பு. நாத்தனாருக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிடும். இத்தனை நாள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அண்ணனோடு பேசியதெல்லாம் சுவரோடு பேசியதாகிவிடும். அவள் வாயைத் திறந்தாள். நாத்தனார் அண்ணனின் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அவருக்கு அதுதான் இஷ்டம்னா சரி," என்றாள்.

சொல்லி முடித்ததும் உடம்பில் ஒரு லேசான உணர்வு பரவியது. இறக்கி வைத்த சுமைதான் அது என்று அவளுக்குத் தெரிந்தது. நாத்தனாருக்காக மட்டும் அந்தக் கேள்வியை விழுங்கவில்லை என்பதும் தெரிந்தது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். நாத்தனார் வீடு மாடியில், படிகள் குறுகல். செமிகோலனும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். "சார், கொஞ்சம் மூச்சைப் பிடிச்சு லேசா இருங்க சார்" என்று செமிகோலன் சொல்ல, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாத்தனார் முன்னால் ஏறி, "பாத்து, பாத்து, அந்தத் திருப்பத்துல தலை இடிக்கும்" என்று கத்திக்கொண்டே போனாள். திருப்பத்தில் நாற்காலி மறைந்தது. பேச்சுச் சத்தம் மேலே மேலே போய், ஒரு கதவுக்குள் அடங்கியது.

அவள் கீழேயே நின்றாள். வரும்போது அவர் காலிலிருந்து கழன்று விழுந்த செருப்புகள் அவள் கையில் இருந்தன. நடக்காத காலுக்கு அவற்றைப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டதே அவள்தான். மேலேயிருந்து அவளை யாராவது கூப்பிடுவார்கள் என்று சற்றுநேரம் பார்த்தாள். மேலே நாற்காலியை எங்கே போடுவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. செருப்புகளை முதல் படியின் ஓரத்தில், யார் காலும் தடுக்காதபடி, சேர்த்து வைத்தாள். பிறகு ஏறிப் போனாள்.